பொன் தேடிய மலையூர்

பேராக் மாநிலத்தில் வாழும் நமக்குச் சுரங்கம் என்றவுடன் ஈயம்தான் நினைவுக்கு வரும். பாப்பான், கோப்பெங், கம்பார், பத்து காஜா ஆகிய ஊர்கள் ஈயத்தால் எழுந்தவை. ஈப்போ நகரத்தின் பழைய கடைவீடுகளும் ஈயம் தந்த பணத்தில் கட்டப்பட்டவையே. 1985-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்து விழுந்தது. அதன்பின் கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று அங்கே எஞ்சியிருப்பவை நீர் நிறைந்த லம்பக் குட்டைகளும், தஞ்சோங் துவாலாங்கில் காட்சிப்பொருளாக நிற்கும் பழைய மண்வாரி இயந்திரமும்தான்.

மண்ணுக்குள் இருக்கும் செல்வத்தை நம்பி எழும் ஊர், அந்தச் செல்வம் போனபின் என்ன ஆகிறது? அங்கே உழைத்தவர்கள் எங்கே போகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை காண, இன்று நாம் பொன் தேடிய ஒரு சிறு மலையூரைப் பற்றிப் பேசப்போகிறோம். அது தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி இருக்கும் தேவாலா. அதன் அண்டையூர் பந்தலூர். இந்த இரண்டு ஊர்களின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

ஆசிரியர்களாகிய நாங்கள் சிலர் ஒரு பள்ளி விடுமுறையில் அங்கே சென்றிருந்தோம். உதகமண்டலத்திலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகச் சாலை கூடலூருக்கு இறங்குகிறது. நடுவட்டம் என்ற இடத்தைப் பற்றி நம் நாட்டவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கடந்த நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரங்களை அரசாங்கம் அங்கே பயிரிட்டது. அந்த வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் சீனக் கைதிகளும் இருந்தார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமையால் அவர்கள் கப்பலில் சென்னைக்கு அனுப்பப்பட்டவர்கள். தண்டனை முடிந்தபின் சிலர் ஊர் திரும்பாமல் அந்த மலைச்சரிவிலேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காபியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். இந்தியக் கைதிகள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சாலை போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் நடந்தது இது. ஆட்சியாளர்கள் தங்கள் வசதிக்கு மனிதர்களைக் கடல் கடந்து மாற்றி வைத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கூடலூரைத் தாண்டி நாடுகாணி என்ற முச்சந்திக்கு வந்தால், ஒரு சாலை கேரளத்தின் நிலம்பூருக்கு இறங்குகிறது. மற்றொன்று தேவாலா, பந்தலூர் பக்கம் செல்கிறது. சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் இந்தப் பகுதி, தென்மேற்குப் பருவமழையை நேராக நெஞ்சில் வாங்கும் இடம். தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் தேவாலாவும் ஒன்று. கடைவீதியில் தமிழும் மலையாளமும் சம அளவில் காதில் விழுகின்றன. ஊரைச் சுற்றி எங்கு நோக்கினும் தேயிலை. நம் கேமரன் மலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று.

பொன் விளைந்ததாகச் சொன்ன ஊரில் பொன்னின் அடையாளம் ஒன்றும் கண்ணில் படவில்லை. உள்ளூர்க்காரர்கள் காட்டினால்தான் தெரியும்: தேயிலைச் சரிவுக்கும் காட்டுக்கும் நடுவே புதர் மூடிய குகை வாய்கள். அவைதாம் பழைய சுரங்க வழிகள்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

வயநாடு எனப்படும் இந்த மலைநாட்டில் பொன் இருப்பதை வெள்ளைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே, குறும்பரும் பணியரும் ஆற்று மணலையும் மலைமண்ணையும் மரப்பாத்தியில் இட்டு நீரில் அலசிப் பொன்துகள் எடுத்தார்கள். கிந்தா ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று டூலாங் தட்டைச் சுழற்றி ஈயம் எடுத்த சீனப் பெண்களை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ அதே முறைதான். மண் இலேசானது, நீரோடு போய்விடும். பொன் கனமானது, அடியில் தங்கிவிடும். பணியர் என்ற சொல்லுக்கே பணி செய்வோர் என்பது பொருள். அவர்கள் நிலத்துக்கு உடையவர்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். நிலம் கைமாறினால் அவர்களும் சேர்ந்து கைமாறினார்கள். ஆகவே பொன்னை அலசி எடுத்த கைகளில் பொன் தங்கவில்லை. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1831-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் ஓர் இராணுவ அதிகாரியை அனுப்பி இந்தப் பொன்னை ஆராய்ந்தது. பெரும் இலாபம் வராது என்று அப்போதே முயற்சி கைவிடப்பட்டது. அதன்பின் வயநாட்டு மலைகளில் காபித் தோட்டங்கள் பரவின. சமவெளிகளில் பஞ்சம் பிழைக்க வழியின்றித் தவித்த மக்களை மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து மலைக்குக் கூட்டி வந்தார்கள். நமக்குக் கங்காணி; அவர்களுக்கு மேஸ்திரி. பெயர்தான் வேறு.

1869-இல் இலங்கையின் காபிச் செடிகளில் இலைநோய் ஒன்று காணப்பட்டது. இலையின் அடிப்புறத்தில் துருப்போன்ற மஞ்சள் பொடி படரும். பின் இலை உதிரும். செடி மெலிந்து காய்ப்பு நின்றுவிடும். அந்த நோய் தென்னிந்திய மலைகளுக்கும் வந்தது. தண்டைத் துளைக்கும் வண்டின் தொல்லையும் சேர்ந்துகொண்டது. காபித் துரைமார்கள் கடனில் மூழ்கினார்கள். அந்த நேரத்தில்தான் அவர்கள் காலடியில் கிடந்த பழைய பொன் கதை மீண்டும் உயிர் பெற்றது. 1877-இல் தென்கிழக்கு வயநாடு மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு இணைக்கப்பட்டது. தேவாலாவும் பந்தலூரும் அவ்வாறே நீலகிரிக்கு வந்தன.

1879-இல் பிரஃப் ஸ்மித் என்பவர் அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் வந்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத் துறையின் செயலாளராக இருந்தவர் அவர். வெள்ளைக் கற்பாறையில், அதாவது குவார்ட்ஸ் கல்லில், பொன் கலந்த நரம்புகள் பல ஓடுகின்றன என்றும், முறையாகத் தோண்டினால் பலன் உண்டு என்றும் அவர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை இலண்டன் சென்றதும் பங்குச் சந்தையில் பொன் காய்ச்சல் பற்றியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் வயநாட்டுப் பொன்னுக்கென்று பல பத்து நிறுவனங்கள் தோன்றின. அவை அறிவித்த மூலதனம் இலட்சக்கணக்கான பவுன். காபிச் செடி செத்துப்போன நிலமெல்லாம் பொன் நிலம் என்ற பெயரில் பெரும் விலைக்குக் கைமாறியது. விற்ற துரைமார்களின் கடன் தீர்ந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் அந்த மலையைக் கண்ணால் கண்டிராத இலண்டன் பங்குதாரர்கள்.

தேவாலாவும் பந்தலூரும் ஒரே நாளில் வளர்ந்த பிள்ளைகள் போல உயர்ந்தன. வெள்ளைக்கார மேலாளர்களுக்கு மாளிகைகள், கடைகள், தங்கும் விடுதிகள் எழுந்தன. பாறையை இடித்துப் பொடியாக்கும் கனத்த இரும்பு இயந்திரங்கள் கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் மலையேறின. மலைப்பாதையில் அவற்றைத் தள்ளியும் இழுத்தும் ஏற்றியவர்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. மலைக்காய்ச்சலுக்கு வயநாடு அக்காலத்தில் பெயர் பெற்றது. துரைமார்களையும் அது விடவில்லை. ஆனால் துரைக்குக் கொயினாவும் ஓய்வும் உண்டு. கூலிக்காரனுக்குக் கம்பளிதான் மருந்து.

இத்தனை ஆரவாரத்துக்குப் பின் பொன் கிடைத்ததா? கிடைத்தது; ஆனால் செலவுக்குக் கட்டவில்லை. மாணவர்கள் இதைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். ஒரு டன் என்பது ஆயிரம் கிலோ. அதாவது பத்து இலட்சம் கிராம். அத்தனை பாறையை வெடி வைத்துப் பெயர்த்து, சுமந்து, இடித்து, நீரில் கரைத்து, பாதரசத்தில் சேர்த்துப் பிரித்தால் தேறியது சில கிராம் தங்கம். வெட்டுக்கூலி, விறகு, இயந்திரம், மேலாளர் சம்பளம், இலண்டன் அலுவலகச் செலவு இவ்வளவும் அந்தச் சில கிராமுக்குள் அடங்கவேண்டும். எப்படி அடங்கும்?

அறிக்கையில் நன்றாக இருந்த பொன் ஆலையில் ஏன் குறைந்தது? பாறையின் மேற்பகுதி வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் உளுத்துப்போயிருக்கும். அங்கே பொன் தனித்துகளாக வெளிப்பட்டு நிற்கும். பாதரசம் அதை எளிதில் பற்றிக்கொள்ளும். ஆழத்தில் போகப் போகப் பொன் கந்தகமும் இரும்பும் கலந்த கனிமத்துக்குள் சிறைப்பட்டிருக்கும். பாதரசத்துக்கு அது அகப்படாது. அத்தகைய தாதுவிலிருந்தும் பொன்னைப் பிரிக்கக் கைகொடுத்த சயனைடு முறை 1887-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் வயநாட்டின் கதை முடிந்துவிட்டது. மேலும், பல நிறுவனங்கள் நிலத்தின் விலைக்கே பணத்தைக் கொட்டிவிட்டு, தோண்டுவதற்குக் கையில் காசில்லாமல் நின்றன. 1880-களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலானவை மூடிவிட்டன. கட்டடங்களைக் காடு மூடியது. இயந்திரங்கள் துருப்பிடித்தன.

நேயர்களே, பொன்வேட்டை எல்லா இடத்திலும் இவ்வாறு தோற்றதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதே காலத்தில், 1880-இல், மைசூர் நாட்டின் கோலாரிலும் ஒரு நிறுவனம் தொடங்கியது. அதுவும் கைப்பணம் தீர்ந்து மூடும் நிலைக்கு வந்தது. கடைசி முயற்சியாகப் பழையவர்கள் தோண்டிய குழிகளுக்குக் கீழே இறங்கிப் பார்த்தபோது வளமான பொன் நரம்பு கிடைத்தது. கோலார் தங்கவயல் நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கு மேல் பொன் கொடுத்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த வெப்பத்திலும் பாறை வெடிப்பிலும் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களின் ஏழை மக்கள்.

நம் நாட்டிலும் பொன்னூர் உண்டு. தித்திவாங்சா மலைத்தொடருக்கு அப்பால், பிரேசர் மலைக்குக் கீழே, பகாங் மாநிலத்தின் ரவுப் நகரம். 1889-இல் வில்லியம் பிபி என்பவரின் தலைமையில் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று அங்கே சுரங்கம் தொடங்கியது. சுரங்கத்துக்கு மின்சாரம் வேண்டி, செம்பாம் ஆற்றில் 1900-ஆம் ஆண்டிலேயே நீர்மின் நிலையம் அமைத்தார்கள். மலாயாவின் பெரும்பகுதி விளக்கெண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் இருந்த காலம் அது.

ஆனாலும் முடிவைப் பாருங்கள். கோலார் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களின் பிள்ளைகள் அன்றாடம் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நிலை வந்தது. ரவுப்பில் பழைய கழிவு மண்ணிலிருந்து சயனைடு கொண்டு பொன் பிரிக்கும் ஆலை 2009-இல் இயங்கத் தொடங்கியபோது, புக்கிட் கோமான் மக்கள் தங்கள் உடல்நலத்துக்கு அஞ்சி எதிர்த்துப் போராடினார்கள். தோற்ற ஊரானாலும் வென்ற ஊரானாலும், பொன் வெளியே போனது. குழியும் கழிவும் ஊராருக்கு மிஞ்சின.

தேவாலாவுக்குத் திரும்புவோம். பொன் நிறுவனங்கள் போனபின் அந்த மலைகளை வாழவைத்தது தேயிலை. காபியும் பொன்னும் தோற்ற சரிவுகளில் தேயிலை வேர் பிடித்தது. அதைப் பயிரிட்டவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் சமவெளியிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும் ஆவர். பின்னர், நமக்கு மிகவும் நெருங்கிய உறவுடைய ஒரு கூட்டம் அங்கே வந்து சேர்ந்தது.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கண்டியிலும் பதுளையிலும் பிறந்து, இந்தியாவைக் கண்ணால் பாராத மக்கள் தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு இராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னாளில் டான்டீ என்னும் அரசுக் கழகமாயிற்று. பந்தலூரைச் சுற்றியுள்ள சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி ஆகிய இடங்களில் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் அவர்களே.

எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய பாட்டனார்கள் இலங்கைக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போனார்கள். காபி நோயில் அழிந்தபின் அங்கேயே தேயிலை நட்டார்கள். அதே நோய் வயநாட்டுத் துரைமார்களைப் பொன்னின் பின்னால் ஓடவைத்தது. நூறு ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கியதோ அந்தப் பொன் மலையில்! கையில் இருந்த ஒரே சொத்து கொழுந்து கிள்ளத் தெரிந்த விரல்கள்.

பந்தலூர்ப் பக்கம் ஒரு லயத்தின் வாசலில் அமர்ந்து நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மூதாட்டி, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. எந்தத் தோட்டம் என்றே கேட்டார். மலேசியா என்றதும், "அங்கே பென்ஷன் ஆனா வீடு தருவாங்களா?" என்பது அடுத்த கேள்வி. எங்களுக்குப் பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. ஏனென்றால் அந்தக் கேள்வி நம் தோட்டங்களிலும் கேட்கப்படுகிற கேள்வி. வேலை இருக்கும் வரை வீடு; வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

அங்கே நிலத்தின் நிலையும் சிக்கலானது. கூடலூர்ப் பகுதி நிலங்களின் பெரும்பகுதி ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகத்துக்கு உரிமையானது. அந்த உரிமையை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1969-இல் சட்டம் இயற்றியது. ஆனால் வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. பட்டா இல்லாமலே காலம் தள்ளிய குடும்பங்கள் ஏராளம். 2022-இல் டான்டீயின் நிலத்தில் ஏறத்தாழ 2,150 எக்டேரை வனத்துறையிடம் திருப்பித் தர அரசு ஆணையிட்டபோது, எங்கள் வேலை என்ன ஆகும், வீடு என்ன ஆகும் என்று தொழிலாளர்கள் கலங்கினார்கள். பழைய பொன் குழிகளுக்குள் களவாக இறங்கித் தோண்டி, மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு. பிடிமண்ணில் ஒரு பொட்டுப் பொன் கிடைக்காதா என்று உயிரைப் பணயம் வைக்கிறவன் பேராசைக்காரன் அல்லன், பெரும்பாலும் வேலையற்றவன்.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். 1877-இல் கோலாகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. மலாயாவிலும் முதலில் காபிதான் இருந்தது. 1890-களின் பிற்பகுதியில் காபி விலை வீழ்ந்தபின் துரைமார்கள் இரப்பருக்கு மாறினார்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். பின்னாளில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பெயர் மாறிய பயிர்களின் கீழே பெயர் எழுதப்படாத மக்களின் உழைப்பு கிடக்கிறது.

ஆனால் நம் வரலாற்றில் ஒரு நல்ல பாடமும் உண்டு. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் பல தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதைச் சொல்வோம். வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்து மக்கள் தெருவில் நின்றார்கள். அப்போது பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டிப் பால்மரத் தொழிலாளர்கள் அதில் சேர்ந்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. இலண்டனில் இலட்சக்கணக்கான பவுன் திரட்டியவர்கள் வயநாட்டில் தோற்றார்கள். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தவர்கள் நிலத்துக்கு உடையவர்கள் ஆனார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னவர்கள் நிலத்தைத் தூரத்தில் இருந்து வாங்கினார்கள். பின்னவர்கள் தங்கள் வியர்வை விழுந்த நிலத்தைத் தாங்கள் அறிந்து வாங்கினார்கள்.

அதனால் எல்லாத் துன்பமும் தீர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. வீடில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஓர் ஊர் செல்வமுள்ள ஊரா என்பதை மண்ணுக்குள் இருப்பதை வைத்து அளக்கக் கூடாது. அங்கே உழைத்தவனுக்கு முதுமையில் ஒரு கூரை இருக்கிறதா, அவன் பிள்ளைக்கு வேறு தொழில் செய்யும் கல்வி இருக்கிறதா என்பதை வைத்தே அளக்கவேண்டும். அந்த அளவுகோலில் பொன் மலையும் ஈயப் பள்ளத்தாக்கும் நம் தோட்டமும் ஒரே வகுப்பு மாணவர்கள்தாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் தோட்டத்தில், அல்லது உங்கள் குடும்பம் முன்பு வாழ்ந்த தோட்டத்தில், பால்மரத்துக்கு முன் என்ன பயிர் இருந்தது? அருகில் லம்பம் இருந்ததா? தாத்தா பாட்டி எந்த ஆண்டு, எங்கிருந்து வந்தார்கள்? வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? இவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது, "அதெல்லாம் உனக்கெதற்கு?" என்று தள்ளிவிடாதீர்கள். பிரஃப் ஸ்மித்தின் பெயரும் பிபியின் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. பாறை சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை. நம் பெரியவர்களின் பெயர்களை நாம் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப்போவதில்லை.